சாசனம் யாருக்காகப் பேசும்?

1957 ஆகஸ்ட் 31-ஆம் நாள் மலாயா சுதந்திரம் பெற்றது. அதே நாளில் இந்நாட்டின் அரசியல் சாசனமும் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்த நாள் வரும்போது கொடி ஏற்றுகிறோம், பாட்டுப் பாடுகிறோம், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறோம். சாசனத்தை மட்டும் கோலாலம்பூர் வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுகிறோம். "அது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தால் போதும்" என்பது நம்மில் பலருடைய எண்ணம். இந்த எண்ணம் நமக்குப் பெரு நஷ்டத்தை உண்டாக்கி வந்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லவே இத்தலையங்கம்.

சாசனம் என்பது என்ன? அரசாங்கத்திற்கும் மக்களுக்கும் ஏற்பட்ட ஒரு கூட்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பது சங்கத்துக்காரர்களுக்குப் புதிதன்று. இரு தரப்பாரும் கையெழுத்துப் போட்ட அன்றே சச்சரவு தீர்ந்துவிடுவதில்லை. மழையால் வெட்டு நின்ற நாளுக்கு என்ன கணக்கு? வயதான மரத்தில் வெட்டுபவருக்கு என்ன கணக்கு? ஒப்பந்தத்தில் உள்ள ஒரே வரிக்கு நிர்வாகம் ஒரு பொருள் சொல்லும். சங்கம் ஒரு பொருள் சொல்லும். கடைசியில் தொழில் நீதிமன்றம் ஒரு பொருள் சொல்லும். அந்தப் பொருள்தான் அடுத்த மாதம் செக்ரோலில் காசாக ஏறும். கேட்க ஆள் இல்லாத தோட்டத்திலோ அதே ஒப்பந்தம் ஆபீஸ் அலமாரியில் தூங்கிக் கிடக்கும்.

சாசனமும் இப்படிப்பட்டதே. அதில் உரிமைகளைப் பற்றிய பகுதி சிறியது; 5-ஆம் விதியில் தொடங்கி 13-ஆம் விதியில் முடிந்துவிடுகிறது. அந்தச் சொற்கள் சுருங்குவதும் விரிவதும், யார் போய்க் கேட்கிறார்கள், எந்தத் துணையோடு கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. மூன்று சொற்களின் கதையைச் சொன்னால் இது விளங்கும்.

'நியாயமான' என்ற சொல்

சாசனத்தின் நகலை எழுத 1956-இல் ஐவர் கொண்ட கமிஷன் வந்தது. பிரிட்டனின் ரீட் பிரபு தலைவர். சர் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் சர் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் நீதிபதி மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் மற்ற நால்வர். கட்சிகளும் சங்கங்களும் தனிமனிதர்களும் கொடுத்த 131 மகஜர்களை அவர்கள் பார்வையிட்டார்கள்.

பேசவும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும், சங்கம் அமைக்கவும் உள்ள உரிமைகளுக்கு அரசாங்கம் தடை விதிக்கலாம். ஆனால் அத்தடை நியாயமானதாக இருக்க வேண்டும் என்பது கமிஷனின் பெரும்பான்மையோர் எழுதிய நகல். நீதிபதி அப்துல் ஹமீது இதை ஏற்கவில்லை. 'நியாயமான' என்ற சொல் இருந்தால் ஒவ்வொரு சட்டமும் கோர்ட்டுக்குப் போகும். எது நியாயம் என்பதைப் பாராளுமன்றமே முடிவு செய்யட்டும் என்பது அவருடைய வாதம். அவர் வாதமே முடிவில் வென்றது. அந்த ஒரு சொல் எடுக்கப்பட்டுவிட்டது. எடுக்கப்பட்ட நிலையில்தான் 10-ஆம் விதி நம் கைக்கு வந்தது.

அந்த விதியின் மூன்றாம் உட்பிரிவைச் சங்கத்தவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமைக்குத் தொழிலாளர் சட்டங்களின் மூலமாகவும் கல்விச் சட்டங்களின் மூலமாகவும் தடை விதிக்கலாம் என்று அது சொல்கிறது. தொழிலாளியின் பெயரைத் தனியே குறிப்பிட்டு, 'உன் உரிமையை இன்னும் கொஞ்சம் கட்டலாம்' என்று எழுதி வைத்தது போன்றது அது.

எடுத்துப் போட்ட சொல் என்ன ஆயிற்று? சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து அது மறுபடியும் கோர்ட்டு வாசலில் வந்து நின்றது. மலேசிய சோஷலிஸ்ட் கட்சியைப் பதிவு செய்ய அரசாங்கம் மறுத்ததால் எழுந்த வழக்கில், 2006-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், 'தடை என்றால் நியாயமான தடை என்றே சாசனத்தைப் படிக்க வேண்டும்' என்று சொல்லிற்று. கட்சி அந்த வழக்கில் தோற்றது. 2008-இல்தான் பதிவு கிடைத்தது. ஆனால் கொள்கை நின்றது. சட்ட ஏடுகளில் 2010-ஆம் ஆண்டு வழக்காகப் பதிவான சிவராசா ராசையா வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் அதையே சொல்லிற்று. அங்கும் வழக்குத் தொடுத்தவர் தோற்றார். அவர் கேட்ட கேள்வி வென்றது. 2015-இல் தேச நிந்தனைச் சட்டத்தைப் பற்றிய அஸ்மி ஷாரோம் வழக்கில் அதே நீதிமன்றம் பின்வாங்கிற்று. சாசனத்தில் இல்லாத சொல்லைச் சேர்த்துப் படிக்க முடியாது என்றது. 2025 ஜூலை 1-ஆம் நாள் மீண்டும் ஓர் அடி முன்னே வைத்தது. ஐந்து நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் கூட்டம் நடத்தியவரைக் குற்றவாளியாக்கிய 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தின் 9(5)-ஆம் பிரிவு சாசனத்திற்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அறிவிப்புக் கேட்பது வேறு. அறிவிப்புக் கொடுக்கத் தவறியதற்காகவே ஒருவனைக் கூண்டில் நிறுத்துவது வேறு. பின்னது அளவுக்கு மிஞ்சிய தடை என்பது அதன் சாரம்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சம்பளம் பாக்கி நிற்கும்போது தோட்ட ஆபீஸ் முன்னால் கூடுகிறோம். லயத்தை இடிக்க இயந்திரம் வரும்போது பெண்கள் குறுக்கே போய் நிற்கிறார்கள். தொழிலாளர் இலாகாவுக்கு மகஜர் கொண்டு ஐம்பது பேர் நடந்து போகிறோம். 'முன்கூட்டிச் சொன்னாயா?' என்ற ஒரு கேள்வியிலேயே நம்மைக் குற்றவாளி ஆக்கிவிடலாம் என்றிருந்த நிலை 2025-இல் மாறியது. இதை மாற்றியவர்கள் தோட்டத்தார் அல்லர். ஆனாலும் பலன் நமக்கும் உண்டு.

'உயிர்' என்ற சொல்

சட்டப்படி அன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது 5-ஆம் விதி. உயிர் என்றால் என்ன? தூக்கில் போடாமல் இருந்தால் உயிர் காப்பாற்றப்பட்டதாகுமா? வேலையிலிருந்து தள்ளி, வீட்டிலிருந்து தள்ளி, அரிசிக்கு வழியில்லாமல் செய்தால் உயிர் பறிக்கப்பட்டதாகாதா?

இந்தியாவில் இக்கேள்வி முதலில் சென்னையிலிருந்து போயிற்று. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை அரசாங்கத்தின் காவலில் இருந்துகொண்டு 1950-இல் தொடுத்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 'சட்டசபை இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும். அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்கமாட்டோம்' என்ற போக்கில் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அந்தப் போக்கை விட்டு, சட்டத்தின் வழிமுறை நேர்மையாக இருக்க வேண்டும் என்றது. 1985-இல் பம்பாய் நடைபாதை வாசிகளின் வழக்கில் இன்னும் ஒரு படி ஏறி, பிழைப்பும் உயிரின் ஒரு பகுதியே, பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததாகும் என்று சொல்லிற்று. உயிர் என்ற சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதற்குள் சோற்றுப்பானையும் அடங்கியது என்பதே மாற்றம்.

அந்த வெளிச்சம் கடல் கடந்து இங்கும் வந்தது. 1996-இல் டான் டெக் செங் என்ற ஆரம்பப் பள்ளித் துணைத் தலைமையாசிரியரின் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு வந்தது. தண்டனையைப் பற்றிப் பேச வாய்ப்பே தராமல் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பில், 5-ஆம் விதியில் உள்ள உயிர் என்ற சொல்லில் வேலை செய்து பிழைக்கும் உரிமையும் அடங்கும். அதைப் பறிப்பதானால் நேர்மையான முறையில்தான் பறிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நீக்கம் ரத்தாகி, பதவியிறக்கமே தண்டனை என்றாயிற்று.

மேடான பாதையில் சறுக்கலும் உண்டு. சபா மாநிலக் குடிநுழைவு பற்றிய சுகுமார் பாலகிருஷ்ணன் வழக்கில் 1998-இல் விரிந்த பொருளை 2002-இல் கூட்டரசு நீதிமன்றம் சுருக்கியது. முன்னே சொன்ன சிவராசா ராசையா வழக்கு அதை மறுபடியும் விரித்தது. சாசனம் ஓடும் நீர் போன்றது என்பார்கள். ஓடும் நீர் பள்ளத்தை நோக்கியும் ஓடும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வேலைநீக்கக் கடிதங்களைத் தட்டச்சு அடிக்கும் கிராணிமார் உத்தியோகத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறோம். விசாரணை என்ற பெயருக்கு ஒரு நாற்காலி போட்டு, 'நீ செய்தாயா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்' என்று கேட்டு, அன்று மாலையே கடிதம் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. இன்னும் முற்றாக ஒழியவில்லை. கடிதத்தை வாங்கியவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, 'துரை மனசு மாறுவார்' என்று காத்திருப்பான். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்ய 60 நாள் தவணைதான் உண்டு. துரையின் மனம் மாறுவதற்குள் நாள் கடந்துவிடும். சாசனம் பிழைப்பையும் உயிர் என்கிறது. அந்த உயிரைக் காக்கும் கதவு அறுபதாம் நாள் மூடிக்கொள்கிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'எவரும்' என்ற சொல்

சாசனத்தை வாசிக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 5-ஆம் விதியும் 6-ஆம் விதியும் 'எவரையும்' என்று பேசுகின்றன. சட்டத்தின் முன் 'எல்லாரும்' சமம் என்கிறது 8-ஆம் விதியின் முதல் உட்பிரிவு. ஆனால் பேச்சு, கூட்டம், சங்கம் ஆகியவற்றைப் பற்றிய 10-ஆம் விதி 'குடிமக்கள்' என்கிறது. முன்னவை மனிதனாகப் பிறந்த அனைவருக்கும். பின்னது நீல அட்டை உள்ளவனுக்கு மட்டும்.

இந்த வேறுபாட்டின் சுமையைத் தோட்ட மக்களைப் போல் சுமந்தவர்கள் வேறு எவரும் இல்லை. சுதந்திரத்திற்கு முன் இங்கே பிறந்தவர்களும் நெடுநாள் இங்கே வசித்தவர்களும் பதிந்து குடிமக்களாகலாம். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழிச் சோதனை இல்லை என்று 1957-இல் வாய்ப்புக் கொடுத்தார்கள். எத்தனை லயங்களுக்கு அச்செய்தி போய்ச் சேர்ந்தது? எத்தனை பேருக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆள் இருந்தது? 1957 முதல் 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, மண்ணின் உரிமையாலேயே குடிமகன். 1962-இல் சாசனம் திருத்தப்பட்ட பிறகு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. 1968-ஆம் ஆண்டு வேலை கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, பால் வெட்டிக் காய்ப்பேறிய கைகளுக்கும் வேலை பெர்மிட் கேட்டார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பலருக்குச் சிவப்பு அடையாள அட்டையே நிலைத்தது.

இலங்கை மலைத்தோட்டங்களில் நம் இனத்தாருக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தல் சட்டமும் அந்த மக்களின் வாக்கையே பறித்துவிட்டன. அந்நாட்டுச் சாசனத்தின் 29-ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டம் செல்லாது என்று சொல்லியிருந்தது. கோடாகன் பிள்ளை வழக்கில் அந்தப் பிரிவைக் காட்டி முறையிட்டார்கள். 'சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்படவில்லையே' என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 1951-இல் கைவிரித்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1953-இல் அதை உறுதி செய்தது. எழுத்தைப் பார்த்தார்கள், அது யார் தலையில் விழும் என்பதைப் பார்க்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு பிரித்து, 1,50,000 பேரின் கதியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003-இல். ஒரு பிரிவைக் குறுக்கிப் படித்ததற்கு ஒரு சமூகம் அரை நூற்றாண்டு விலை கொடுத்தது.

இனி 6-ஆம் விதிக்கு வருவோம். எவரையும் அடிமையாக வைக்கக் கூடாது. எல்லாவகைக் கட்டாய வேலையும் தடுக்கப்பட்டது என்பது அது. சங்கிலி மாட்டினால்தான் கட்டாய வேலையா? 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலையாட்களைப் பற்றி ஒரு சங்கம் எழுதிய கடிதத்தையே இந்திய உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கே ஆள்பிடிக்கும் ஜமேதார்கள் ஒவ்வொரு ஆளின் நாட்கூலியிலிருந்தும் ஒரு ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள். நம் பாட்டன் காலத்துக் கங்காணியின் தலைக்காசு நினைவுக்கு வருகிறதல்லவா! குறைந்தபட்சச் சம்பளத்திற்குக் கீழே கூலி கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய வேலைதான். பசியும் ஒரு பலவந்தமே என்று நீதிபதி பகவதி விளக்கம் தந்தார்.

இந்நாட்டில் அந்த விதியைப் பேச வைத்த வழக்குகளில் ஒன்று தோட்டத்திலிருந்தே போனது என்பதை நாம் பெருமையுடன் சொல்லலாம். அதுதான் பாராட் எஸ்டேட்ஸ் வழக்கு. தோட்டம் கைமாறியபோது எழுந்த தகராறில், 2000-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-ஆம் விதியைச் சுட்டிக் காட்டி, எந்த முதலாளியிடம் வேலை செய்வது என்று தெரிந்தெடுப்பது தொழிலாளியின் அடிப்படை உரிமை என்றது. மரத்தோடும் மாட்டோடும் சேர்த்து ஆளையும் விற்க முடியாது என்பதே இதன் பொருள். 1950-களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற நாளிலே இப்படி ஒரு தீர்ப்பு நம் முன்னோர் கையில் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தலை நிமிர்ந்து கணக்குக் கேட்டிருக்கும்!

இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியத் தோழர், வங்காளதேசத் தோழர், நேப்பாளத் தோழர் வேலை செய்கிறார்கள். அவர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி ஆபீஸ் பெட்டியில் பூட்டுவது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படியே குற்றம். 2020-இல் மலேசியாவின் இரண்டு பெரிய தோட்ட நிறுவனங்களின் எண்ணெயை, கட்டாய வேலை என்ற குற்றச்சாட்டின்பேரில் அமெரிக்கா தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்தியது. 2023 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், கட்டாய வேலையைத் தனிக் குற்றமாக்கி, 1,00,000 வெள்ளி வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் விதிக்கிறது. 'எவரையும்' என்று சாசனம் எழுதியது அவர்களையும் சேர்த்துத்தான். 'அவன் வந்து நம் கூலியைக் கெடுத்தான்' என்று பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதே பேச்சை நம் பாட்டனைப் பற்றியும் ஒரு காலத்தில் பேசினார்கள். அவனுடைய கூலியை அடிமட்டத்தில் பிடித்து வைக்க முடிந்தால் நம்முடையதையும் பிடித்து வைக்க முடியும்.

நிலத்திற்கு ஒரு நீதி, லயத்திற்கு ஒரு நீதியா?

நீலாய்க்கு அருகில் உள்ளது செமினி. அவ்வூரின் பெயரைத் தாங்கிய செமினி ஜெயா வழக்கு 2017-இல் நாடெங்கும் பேசப்பட்டது. காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலைக்காக ஒரு கம்பெனியின் நிலத்தை எடுத்தார்கள். நஷ்டஈட்டை முடிவு செய்யும் அதிகாரத்தை நீதிபதியிடமிருந்து எடுத்து மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்த சட்டப் பிரிவு செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988-இல் சாசனத்தைத் திருத்தி நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திற்குக் கீழ்ப்படுத்தியதாக நினைத்தார்கள். நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உரியது, அது சாசனத்தின் அஸ்திவாரம் என்றும் அத்தீர்ப்பு சொல்லிற்று. சிறந்த தீர்ப்பு, அதை நாமும் வரவேற்கிறோம்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நிலம் உடையவனுக்கு 13-ஆம் விதி இருக்கிறது. போதிய நஷ்டஈடு இல்லாமல் சொத்தை எடுக்க முடியாது. அதே நிலத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கு என்ன இருக்கிறது? நீலாய், லாபு, பாத்தாங் பெனார் வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனையும், வீடமைப்புத் திட்டங்களும், தொழிற்பேட்டைகளும், கல்லூரிகளும் நிற்கின்றன. மண் விலை ஏறிற்று. மண்ணைப் பதப்படுத்தியவனுக்கு, 'வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும்' என்ற ஒரு வரிக் கடிதம்தான் கிடைக்கிறது. கோயிலும் பள்ளிக்கூடமும் சுடுகாடும் அவனுடைய சொத்துக் கணக்கில் ஏறுவதில்லை.

இங்கேதான் 'உயிர்' என்ற சொல் நமக்கு வேண்டும். பிழைப்பு உயிரின் பகுதியானால் தலைக்கு மேல் கூரை எதன் பகுதி? இக்கேள்வியைத் தோட்டத்தார் உரத்துக் கேட்க வேண்டும். பம்பாய் வழக்கின் முடிவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிழைப்பு உயிரே என்று சொன்ன அதே தீர்ப்பு, மழைக்காலம் கழிந்தபின் குடிசைகளை அப்புறப்படுத்தலாம் என்றும் சொல்லிற்று. மாற்று இடம் யாருக்கு? 1976 கணக்கெடுப்பில் கொடுத்த அட்டையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு. கொள்கை எல்லாருக்கும் கிடைத்தது. மனை காகிதம் வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது.

இரண்டு ஆட்சேபங்கள்

நம் பேச்சுக்கு இரு தரப்பிலிருந்து ஆட்சேபம் வரும். 'மக்கள் வோட்டுப் போட்டு அனுப்பியவர்கள் பாராளுமன்றத்தில் இருக்கும்போது, யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் சொற்களுக்குப் புதுப்புதுப் பொருள் சொல்லலாமா?' என்பது ஒன்று. இது எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று. நீதிபதியின் பேனா நமக்குச் சாதகமாக நீள்வது போல் பாதகமாகவும் நீளலாம். ஆனால் பெரும்பான்மையோரின் வோட்டைக் கொண்டு சிறுபான்மையோரை மிதிக்காமல் இருக்கவே சாசனம் எழுதப்பட்டது. ஒரு தொகுதியில் சில நூறு பேராகச் சிதறிக் கிடக்கும் தோட்ட மக்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வோட்டு ஒரு கை. வழக்கு மறு கை. ஒரு கையால் வாளி தூக்கலாம். காண்டா தூக்க முடியாது.

அண்மையில் நடந்த ஒன்றைப் பாருங்கள். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார், தந்தையருக்கு உள்ள உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று வழக்காடினார்கள். 2021-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2022-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். அதோடு ஓய்ந்துவிடாமல் பாராளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2024 அக்டோபரில் மக்களவை 206 வோட்டுகளுடன் சாசனத்தைத் திருத்தி அவ்வுரிமையை ஏற்றது. அதே திருத்தத்தில், நிரந்தர வாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்து வந்த குடியுரிமையை நீக்கவும் வகை செய்யப்பட்டது. சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்காகப் பேச அங்கே எத்தனை பேர் நின்றார்கள்? தாய்மார் போராடியதால் பெற்றார்கள். கேட்க ஆளில்லாதவர்கள் இழந்தார்கள். ஒரே நாளில், ஒரே மசோதாவில் இரண்டும் நடந்தது.

'கோர்ட்டு என்றால் பணம், எங்களால் முடியுமா?' என்பது இரண்டாவது ஆட்சேபம். தனியாளால் முடியாது, உண்மை. அதற்காகத்தான் சங்கம். பேட்டை தோறும் சிதறிக் கிடந்த ஐந்து சங்கங்கள் 1954-இல் ஒன்றாகி நாடு தழுவிய தோட்டத் தொழிலாளர் சங்கமாக நின்றபோது, அதற்கு முன்னணியில் நின்ற பி.பி. நாராயணன் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சங்க வேலை தொடங்கியவர். தனி ஆள் துரையிடம் பேச முடியாது என்பதை அன்றைக்கே உணர்ந்தவர்கள் நாம். தனி ஆள் சாசனத்திடமும் பேச முடியாது. மேலும், ஒவ்வொரு குறையும் கூட்டரசு நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. தொழிலாளர் இலாகா இருக்கிறது. தொழில் நீதிமன்றம் இருக்கிறது. சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும் இருக்கின்றன. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மனித உரிமை ஆணையமான சுஹாகாம் இருக்கிறது. சுஹாகாம் தண்டிக்கும் அதிகாரம் பெற்றதன்று. ஆனால் விசாரித்து எழுதி வைக்கும். எழுதி வைத்தது ஒருநாள் சாட்சியாகும்.

கிளைகள் செய்ய வேண்டியது

ஆகவே, கிளைத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் நாம் வேண்டிக்கொள்வன இவை:

முதலாவது, காகிதம். செக்ரோல் எழுதும் கை சொல்கிறது, கேளுங்கள்: தோட்டத்துத் துன்பத்தில் பாதி பெயரில் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமநிதிக் கணக்கில் ஒரு பெயர். முனியாண்டி ரோமன் எழுத்தில் மூன்று விதமாகி, மூன்று ஆட்களாகிவிடுகிறான். ஒவ்வொரு கிளையும் ஒரு நாளைக் குறித்து, லயம் லயமாகப் போய், பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவு, சம்பளச் சீட்டு, சேமநிதிச் சீட்டு ஆகியவற்றைப் பார்வையிட்டுக் கோளாறுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறந்த பிள்ளையை உடனே பதிய வேண்டும். பதியாத பிள்ளைக்குச் சாசனத்தில் இடம் தேடுவது பின்னால் கோர்ட்டு வேலையாகிவிடும்.

இரண்டாவது, நாள் கணக்கு. வேலைநீக்கக் கடிதமோ வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமோ வந்தால் அன்று மாலைக்குள் கிளைச் செயலாளர் கையில் நகல் இருக்க வேண்டும். வாங்கிய தேதியை அதன்மேல் எழுதுங்கள். புரியாத பாஷையில் உள்ள காகிதத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீர்கள்.

மூன்றாவது, படிப்பு. சாசனம் எழுதப்பட்ட மொழிகள் ஆங்கிலமும் மலாயும். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் தமிழ் படிக்கட்டும். மலாயையும் கோர்ட்டில் பேசும் அளவுக்குப் படிக்கட்டும். 5 முதல் 13 வரையுள்ள விதிகளைக் கிளைக் கூட்டத்தில் மாதம் ஒன்றாக வாசித்துப் பொருள் சொன்னால், ஓர் ஆண்டுக்குள் எல்லாருக்கும் அவை தெரிந்திருக்கும்.

நான்காவது, பெண்கள். 2001-இல் 8-ஆம் விதியைத் திருத்தி, ஆண் பெண் என்ற காரணத்தால் வேற்றுமை காட்டக் கூடாது என்று சேர்த்தார்கள். கர்ப்பம் என்று சொல்லி வேலையை ரத்துச் செய்யப்பட்ட ஒரு தற்காலிக ஆசிரியை 2011-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் அதைக் காட்டி வென்றார். காட்டில் பாதி வேலையைச் செய்கிறவர்கள் பெண்கள். கிளைக் கமிட்டியிலும் பாதி இடம் அவர்களுக்கு வேண்டும்.

ஐந்தாவது, அந்நிய நாட்டுத் தோழர்கள். அவர்களைச் சங்கத்தில் சேருங்கள். அவர்கள் குறையையும் நம் புத்தகத்தில் எழுதுங்கள்.

தோழர்களே! இடித்த லயத்தின் கதவிலக்கம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஆனால் ஒரு தோட்டத்தார் கேட்டுப் பெற்ற தீர்ப்பு, தோட்டமே இல்லாமல் போன பின்னும் சட்டப் புத்தகத்தில் நிற்கும். அடுத்த ஊரில் அடுத்த தொழிலாளி அதைக் காட்டிப் பேசுவான். பாராட் எஸ்டேட்ஸ் வழக்கு அப்படி நிற்கிறது. அழுத பிள்ளைக்குப் பால் என்பது பழமொழி. சாசனமும் கேட்டவனுக்கே பேசும். அடுத்த கிளைக் கூட்டத்தில், சந்தாக் கணக்கு முடிந்தவுடன் ஐந்தாம் விதியை எடுத்து உரக்க வாசியுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.